பிணமாகப் படுத்துச் சிரித்த எட்னா

எட்னா பிக்கர்ஸ்கில்லின் அப்பா இங்கிலாந்தின் ஸ்கார்பரோ கடற்கரையில் மீன் வறுத்து விற்றவர். அவள் எங்கள் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. வாரம் ஒரு புது நாடகம் போடுவோம். வசனம் மறந்தவர்களுக்கு மறைவிலிருந்து எடுத்துக்கொடுப்பது என் வேலை. எட்னாவுக்கு அதற்குத் தேவையே இருக்காது. கிடைத்ததெல்லாம் ஒற்றை வரி வேலைக்காரி வேடங்கள்தாம்.

1953 ஆகஸ்டில் ஒரு கொலை நாடகம். முதல் காட்சியிலேயே விஷம் குடித்துச் சாகும் சீமாட்டி அவள். செத்த பிறகு கதை எங்கே போகிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மாலை, பாதிரியாராக நடித்த ரூபர்ட் லோமாக்ஸ் பிணத்தின்மேல் குனிந்து ஜெபம் சொன்னான். அவனுடைய ஒட்டுத்தாடி கழன்று எட்னாவின் மூக்கில் விழுந்தது. பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

இன்ஸ்பெக்டராக நின்ற செட்ரிக் சமாளித்தார்.

"உசிரு இருக்கு. சொல்லும்மா, உனக்கு விஷம் வெச்சது யாரு?"

நாடகப் பிரதியின்படி கொலைகாரர் டாக்டர். எட்னாவுக்கு அது தெரியாது. கண்ணெதிரே இருந்தவனைக் கைகாட்டினாள்.

"இவருதான் சார். தாடியே பொய்யின்னா, ஆளு எப்படி இருப்பாரு?"

லோமாக்ஸ் வேறு வழியின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான் பிரதியை மூடிவிட்டேன். இரண்டு மணி நேர நாடகம் இருபது நிமிடத்தில் முடிந்துபோக, மீதி நேரத்துக்கு ஆளாளுக்குப் பாட்டுப் பாடினார்கள். முதலாளி அவளை அப்போதே வேலையை விட்டு நீக்கினார். மறுநாள் டிக்கெட் வரிசை தபால் நிலையம்வரை நீண்டதைப் பார்த்து, அவரே போய் அழைத்துவந்தார்.

அதன்பின் தினமும் அதே கூத்து. ஆனால் எட்னாவுக்கு வேண்டுமென்று சிரிக்க வராது. லோமாக்ஸ்தான் நாளுக்கொன்றாக அவள் காதில் எதையாவது சொல்ல வேண்டும். சனிக்கிழமையும் குனிந்து ஏதோ சொன்னான். அவள் சிரிக்கவில்லை, எழுந்து உட்கார்ந்தாள்.

"விஷம் வெச்சது யாரும்மா?" என்றார் செட்ரிக்.

"அது கெடக்கட்டும் சார். என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்குறாரு. சரின்னு சொல்லிடவா?"

அரங்கமே சொல்லச் சொன்னது. சொன்னாள். அன்று யாரும் கைதாகவில்லை.

மூன்றாம் வரிசையில், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்த சினிமா இயக்குநர் ஒருவர் இருந்தார். அடுத்த மாதமே லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. முப்பத்தொரு படங்கள். பஸ் கண்டக்டர், விடுதிக்காரி, ஒருமுறை கன்னியாஸ்திரீ. ஒன்றில்கூடக் கதாநாயகி இல்லை. அதற்காக அவள் வருந்தி நான் பார்த்ததுமில்லை.

ஐம்பத்தெட்டாம் வயதில் லண்டன் மேடையில், மகனைப் பறிகொடுத்த தாயாக நடித்தாள். என் பக்கத்து இருக்கைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். நாடகம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பனை அறைக்கு ஓடினேன். எட்னா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேசைமேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். நானும் ஏறினேன்.