கடுவனுக்குப் பத்தியம்

என் தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுடைய காம்பிரா வீட்டையும் அதில் கிடந்த கடுவன் பூனையையும் என்னிடம் விட்டுப்போனாள். மலைநாட்டில் நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள் கொண்ட லயம். காம்பிராவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். பூனையைப் பூட்ட முடியாது என்பதால்தான் என்னைக் கூப்பிட்டாள்.

நான் அப்போது சிலாபம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் இருந்தேன். அதற்கு முன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் இருப்புக் கொள்ளாது. தங்கச்சிக்கு அது தெரியும்.

"நீ போறதுன்னா போண்ணே. அவனுக்கு யாராவது சோறு வைப்பாங்களான்னு மட்டும் பாத்துட்டுப் போ" என்றாள்.

அவள் வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். வீடியோவில் என் முகம் தெரிந்ததும் "அவன் எங்க?" என்று கேட்பாள். கடுவனைத் தூக்கிக் காட்ட வேண்டும். பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகுதான் எனக்கு வேலை கிடைத்ததா, கூரை ஒழுகுகிறதா என்பதெல்லாம்.

அந்தக் கடுவனுக்குத்தான் மூத்திரம் அடைத்துக்கொண்டது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குந்துவதும் எழுவதுமாக இருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. அரிசிச் சாக்கில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டுக் கட்டி, ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க மனிதர் முனகுவதுபோல முனகியது. பக்கத்தில் இருந்த அம்மா தன் பிள்ளைக்கு விசிறுவதை நிறுத்திவிட்டு அதற்கு விசிறினார்.

மிருக வைத்தியர் சிங்களவர், தமிழை நிதானமாகப் பேசினார். குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு, ஒரு பாக்கெட்டை மேசையில் வைத்தார்.

"இனிமே இது மட்டும்தான் சாப்பாடு. நெத்தலி வேணாம், கருவாடு வேணாம். திரும்ப அடைச்சா கஷ்டம். ஆனா பட்டினியும் போட வேணாம். ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா பூனைக்கு ஈரல் கெட்டுப் போகும்."

கஷ்டம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

லயத்துக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். லயத்தில் பூனை ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை. வேலை முடிந்து மலையிலிருந்து ஆட்கள் வந்து சாப்பிட உட்காரும் நேரத்துக்கு அது முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒரு சுற்று வரும். ஒவ்வொரு வாசலிலும் ஏதோ ஒன்று விழும். நெத்தலித் தலை, ரொட்டிக் கரை, கறிச்சட்டியை வழித்த சோறு. எட்டு வீட்டிலும் அது "எங்க வீட்டுப் பூனை"தான்.

மூன்றாம் வீட்டு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "பூனைக்குப் பத்தியமா? புள்ள பெத்து வந்தவளுக்கே இங்க பத்தியம் பாக்க ஆளில்ல தம்பி."

ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. தங்கச்சியின் பூனை என்பதால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் தட்டில் போட்டேன். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். கடுவன் வந்து முகர்ந்தது. பிறகு மலம் கழித்த இடத்தை மூடுவதுபோல, சிமெண்டுத் தரையை முன்னங்காலால் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. நானும் ஓர் உருண்டையை வாயில் போட்டுப் பார்த்தேன். தூசி படிந்த மாவு மாதிரி இருந்தது. இதைவிட மோசமானதை நான் பண்ணையில் மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன்.

பசித்தால் தின்னும் என்று நினைத்தேன். என் பசியை வைத்து நினைத்தது அது. வேலை இல்லாத ஊர்களில் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். முதல் நாள் முகத்தைச் சுளிப்பேன், மறுநாள் தட்டை நக்குவேன். கடுவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெந்நீர் ஊற்றிக் குழைத்து வைத்தேன். கையில் வைத்து நீட்டினேன். கஞ்சித் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பிறாண்டல்.

மறுநாளும் சாப்பிடவில்லை. மாலையானதும் தன் சுற்றுக்குக் கிளம்பியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தது. கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் வீட்டிலும் சாத்தினார்கள். நான் சொன்னதைத்தான் செய்தார்கள். நடையில் ஒரு தள்ளாட்டம் தெரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தங்கச்சியிடம் நோயைப் பற்றி இன்னும் நான் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பூனையைத் தூக்கிக் காட்டினால் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிடும். அங்கே கதவடைத்த வீட்டில் இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள்?

மூன்றாம் வீட்டு அக்கா கையில் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தார்.

"தம்பி, ஒங்க பூனை என் வாசல்ல ஒக்காந்து என்னைச் சபிக்குது. வாயைப் பாத்துட்டே இருக்கறப்ப எனக்குச் சோறு எறங்குமா? அந்தக் கொட்டையில ஒரு கை குடுங்க. எதையாவது போட்டோம்னு இருக்கட்டும்."

"அது தின்னாதுக்கா."

"தின்னாட்டி போகுது. என் மனசுக்குப் போடுறேன்."

ஒரு கைப்பிடி கொடுத்தேன். அவர் அதை வாசற்படி ஓரத்தில், எப்போதும் போடுகிற இடத்தில், "இந்தா, வந்து கொட்டிக்க" என்று திட்டிக்கொண்டே போட்டார். கடுவன் குனிந்தது. முகரக்கூட இல்லை. நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது.

தரையில் ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் ஓடிப்போய் இன்னும் ஒரு கை கொண்டுவந்து அதே இடத்தில் போட்டேன். கடுவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாயை நக்கிக்கொண்டு நாலாம் வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது பிறந்ததிலிருந்து ஒரு வாசலில் வயிறு நிறையச் சாப்பிட்டதே கிடையாது. ஒரு வாசலுக்கு ஒரு வாய்தான் அதன் கணக்கு, அதுவும் படியோரத்தில் விழ வேண்டும். நான் எட்டு வாசலையும் அடைத்துவிட்டு, ஒரே தட்டில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருந்தேன்.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, கிடைத்த டப்பாவிலும் சிரட்டையிலும் கொட்டிக் கொடுத்தேன். கடுவன் பின்னாலேயே வந்து ஒவ்வொரு வாசலிலும் தின்றது. ஆறாம் வீட்டில் மட்டும் இரக்கப்பட்டு ஒரு நெத்தலித் தலையையும் சேர்த்துப் போடப் பார்த்தார்கள். அக்கா அங்கேயும் வந்து நின்றார்.

"அதை உள்ள வைங்க. பத்தியம்னா பத்தியந்தான்."

சாப்பிட்டுவிட்டது. ஆனால் மூத்திரம் போக வேண்டுமே. வெளியே போகிற பூனை எங்கே குந்துகிறது என்று யார் பார்த்தார்கள்? மறுநாள் காலை கடுவன் இறங்கியபோது நானும் குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொழுந்து எடுக்கப் போன பெண்கள் பாதையில் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னாங்கண்ணே, பூனை மேய்க்கிறீங்களா?"

"இப்பவாச்சும் ஒரு வேலை கெடச்சிச்சே."

சிரித்துக்கொண்டே போனார்கள். நான் நிற்கவில்லை. கடுவன் லயத்தின் பின்பக்கமாகச் சுற்றி, அக்காவின் லீக்ஸ் பாத்திக்குள் புகுந்து, ஈர மண்ணைத் தோண்டிக் குந்தியது. நான் குடையோடு அப்படியே நின்றுவிட்டேன். அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எங்கேயோ பார்த்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சன்னமாக ஒரு சத்தம். நிற்காமல் நீண்டுகொண்டே போனது. நான் பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு வேலைக்குப் போகாத அக்கா சமையல் கட்டுக் கதவைத் திறந்தார். முதலில் பூனையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போயிருச்சுக்கா" என்றேன்.

"போயிருச்சு, போயிருச்சு. என் லீக்ஸ்லதான் போயிருக்கு" என்று முணுமுணுத்தவர் அதை விரட்டவில்லை. "முடிக்கட்டும். நடுவுல வெரட்டினா திரும்ப அடைச்சிக்கப் போவுது" என்று கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.