கீழ்வீட்டுக் குரவை

நேற்று எங்கள் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கடந்தபோது உள்ளே பெண்கள் குரவை போடுவது கேட்டது. நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் மட்டக்களப்பிலிருந்து பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு அகதிகளாக வந்த புதிதில், பிரெஞ்சு தெரியாத அம்மா யாருடனும் கதைக்கமாட்டா. கீழ்வீட்டு ஃபாத்திமா மொரோக்கோவின் பெர்பர் மலைக்கிராமத்துக்காரி. மகளின் கல்யாணத்துக்கு எங்களைக் கையோடு கூட்டிப்போனா. மணப்பெண்ணுக்கு மருதோண்டி வைத்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள்.

"கேளு புள்ள, நம்மட அம்மன் கோயில் குரவை!" என்ற அம்மா, தானும் நீளமாக ஒன்று போட்டா. வீடே திகைத்துத் திரும்பியது.

ஃபாத்திமா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஆங்கோர்!" என்றா. 'இன்னொருக்காவாம்' என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மாவின் அடுத்த குரவை கிளம்பிவிட்டது.