பழுதில்லாத கார்

என் கார் பழுதாகி நிற்கவில்லை. நிற்கிறது என்று நான் பொய் சொன்னேன். ஒரு நாள் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல்... பெற்ற மகளிடம், மருமகனிடம், பேரனைப் பார்க்கக் காத்திருந்த ஒரு தாயிடம்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்தத் துணிவில்தான் சொல்கிறேன்.

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. மனைவி காலமான பிறகு வீட்டில் நான் மட்டும். ஒரே மகள் கோகிலாவை ரத்தோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை சிவாவுக்கு சீகிரியாவில் ஹோட்டல் வேலை. லீவு கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவார். தலைப்பிரசவத்துக்கு மகள் என்னிடம் வந்தாள். ஆண் பிள்ளை பிறந்தான். என் அக்கா கூடவே தங்கித் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டாள்.

அந்த மூன்று மாதங்களை எப்படிச் சொல்வேன்! பிள்ளை குளிக்க வெந்நீர் வைப்பது என் வேலை. கொடி முழுக்கச் சின்னச் சின்னத் துணிகள். வீடெல்லாம் சாம்பிராணி வாசம். "அப்பா, இவன் மூக்கு அப்படியே நம்ம அம்மா மூக்குதான், பாருங்க" என்பாள் கோகிலா. நான் கடையைச் சாக்குச் சொல்லி வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று கை மாறி என்னிடம் வந்த கிழட்டு ஜப்பான் கார். ஏற்றத்தைக் கண்டால் கொதிக்கும். பள்ளத்தில் இறங்கினால் முனகும். பின்கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். மாதம் தவறாமல் ஏதாவது செலவு வைக்கும். "இது காரு இல்லப்பா, உங்க ரெண்டாவது மக" என்று கோகிலா கேலி செய்வாள்.

மூன்று மாதம் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பெண்ணைப் பெற்றவன்தான் அதைச் செய்வது எங்கள் பழக்கம். மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்கள். தாங்களாக வந்து அழைத்துப்போக மாட்டார்கள். அது பெண் வீட்டாரை அவமதிப்பதாகிவிடும்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் காரின் தண்ணீர்ப் பம்ப் போய், நடு ரோட்டில் கொதித்து நின்றுவிட்டது. அது மட்டும் நிஜம். கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் நிமல் பாஸ் சில நாட்களில் சரிசெய்தார். பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, எடுத்துப்போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். வீட்டில் இடமில்லை, இங்கேயே நிற்கட்டும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்று காலை பேரன் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருந்தான்... வேறு என்ன காரணம் இருக்கிறது எனக்கு!

வீட்டுக்குப் போய், "ஹெட் கேஸ்கட் போயிருச்சாம்மா" என்றேன். அடுத்த வாரம் கியர் பாக்ஸ் என்றேன். அப்புறம் ரேடியேட்டர் ஒழுகுகிறது, சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், அறுபதாயிரமாவது ஆகும் என்றேன். பழைய கார் வைத்திருப்பவன் பொய்யைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. எந்தப் பழுதைச் சொன்னாலும் ஊர் நம்பும்.

லீவில் வந்த சிவா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாமா, நான் ஒரு வேன் பேசட்டுங்களா?"

"வேணாம் மாப்பிள்ள. எம் பேரன நான்தான் கொண்டாந்து விடணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மரியாதை தெரிந்த பிள்ளை. அந்த மரியாதையைத்தான் நான் தின்றேன்.

சம்பந்தி அம்மாவுக்கு இருதய வருத்தம். மலையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் போனில் பேரனைப் பார்ப்பாள். கன்னத்தைத் தடவ விரலை நீட்டுவாள். விரல் எங்கேயோ பட்டு அழைப்பு நின்றுபோகும். மறுபடி எடுப்பாள். மறுபடி தடவுவாள்... நாங்கள் சிரிப்போம். ஆம், நானும் சிரித்தேன்!

அடுத்த முறை வந்தபோது சிவா ஒரு சிறு பொட்டலத்தை என் கையில் வைத்தார். "அம்மா சீட்டு எடுத்தாங்க மாமா. 'சம்பந்தி கஷ்டப்படுறாரு, இந்தச் சல்லியக் குடுத்து காரச் செய்யச் சொல்லு. அவரு கையாலயே புள்ள வரட்டும்'னு சொன்னாங்க."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். ஒழுகாத ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, அந்தப் பணத்தில் புதிதாக ஒன்று போட்டேன். வாங்கிய காசு காருக்கே போய்விட்டதாம்... என்ன நியாயம் பாருங்கள்! காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை போகிறோம் என்று நாள் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தபோது சிவாவின் அழைப்பு வந்தது. "அம்மா போயிட்டாங்க மாமா" என்றார். அழுதார்.

பச்சைப்பிள்ளையைச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அக்காவிடம் விட்டுவிட்டு நானும் மகளும் மட்டும் புறப்பட்டோம். கார் மலையேறியது. ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. கொதித்தாவது தொலையாதா என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். சூடு காட்டும் ஊசி அசையவே இல்லை!

சிவா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்க மாமா. வண்டி பழசு, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பேரன் ஓடி விளையாடுகிறான். அந்தக் கார் கண்ணில் படவே கூடாது என்று கோகிலா சொன்னதால் விற்க முடிவு செய்தேன். போன மாதம் மாத்தளையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். கோகிலாவும் அன்று வீட்டில் இருந்தாள்.

"என்ன குறை இருக்குங்க? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார்.

"பின்கதவத் தூக்கிச் சாத்தணும், வேற ஒரு குறையும் இல்லீங்க. எந்த மலையும் ஏறும்" என்றேன். அந்தக் காரைப் பற்றி வெகு காலத்துக்குப் பின் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

வாசலில் நின்ற கோகிலாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்பா, பொய் சொல்லி விக்காதீங்கப்பா. பாவம். அவங்க வீட்டுலயும் யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.

பிறகு அவரிடம் திரும்பி, ஹெட் கேஸ்கட், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் சொன்ன அதே வரிசையில்... நான் சொன்ன அதே வார்த்தைகளில்!

அவர் என் மகளுக்கு நன்றி சொன்னார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.