கூரையைக் கழற்றி வைத்துக் காத்திருந்தோம்

என் எழுத்து ஒரே அளவில் வராது. ஒன்று பெரிதாக இருக்கும், அடுத்தது சிறிதாகிவிடும், வரி கோட்டை விட்டு மேலே ஏறும். அச்சுக்குக் கொடுக்கும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய பிறகு எழுதப் படித்தவன் நான். தங்கராசு எம்.பி.யின் நினைவு மலருக்கு நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று சங்கத்து ஆட்கள் வந்தார்கள். சொல்ல மாட்டேன், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அப்படிச் சொல்ல முடிந்ததில் எனக்குச் சந்தோஷம். எழுத வேண்டிய விஷயத்தில் சந்தோஷம் இல்லை.

செய்தி எனக்குக் கண்டி பஸ்ஸில் வந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்விட்டுத் தெல்தோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிழித்த சிங்களக் கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, உங்கள் தங்கராசு மாத்தயா காலையில் போய்விட்டாராம் என்று மெதுவாகச் சொன்னார். தன் கிராமத்துப் பாலம் உடைந்தபோது சபையில் அதைப் பேசியவரும் அவர்தான் என்றார். மீதிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. இனி யார் கேட்பார் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு.

அவரை அறிந்தவர்களுக்கு அது எந்தக் கேள்வி என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. மழை பெய்யப் பெய்ய வெடிப்பு அகலுகிறது. நாங்கள் குடியிருக்கும் காம்பராச் சுவரில் சேற்றுத் தண்ணீர் கசிகிறது. இது ஆபத்தான இடம் என்று அரசாங்க ஆட்களே வந்து ஒரு பலகை நட்டார்கள். பலகை வந்தது. போய்க் குடியிருக்க வேறு காணி வரவில்லை. அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

முதல் தடவை அதை அவர் சபையில் கேட்ட அன்று, லயத்துச் சனம் முழுவதும் ஒரே டிவியின் முன்னால் இருந்தது. மந்திரி எழுந்தார். அந்தக் குடும்பங்கள் உடனடியாக வேறு காணியில் குடியேற்றப்படும் என்றார். நாங்கள் பட்டாசு கொளுத்தினோம். மறுநாள் காலையில் கூரையைக் கழற்றத் தொடங்கினோம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. தோட்டத்தை நடத்தும் துரை ஒன்றைச் சொன்னால் அடுத்த நாள் விடியும்போது அது நடந்திருக்கும். மந்திரி துரைக்கும் மேலே உள்ளவர் அல்லவா? அவர் பார்லிமென்டில், நாடே பார்க்கச் சொல்லிவிட்டார். லொறி வரும்போது ஏற்றத் தயாராக இருக்க வேண்டும் என்று, நாங்கள் சொந்தக் காசில் வாங்கிப் போட்ட தகரங்களை இறக்கிக் கயிற்றால் கட்டி அடுக்கினோம். கடைசிக் காம்பரா மாரியாயி அக்கா தன் கோழிகளை விற்றுவிட்டாள். புது இடத்தில் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும், கோழி பிறகு வாங்கலாம் என்பது அவள் கணக்கு.

லொறி வரவில்லை. எம்.பி. வந்தார். கூரையில்லாத காம்பராக்களையும், அடுக்கிய தகரத்தையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே கழட்டுனீங்க?"

"மந்திரி ஒடனேன்னு சொன்னாருங்களே."

அவர் அந்தத் தகர அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீங்க மட்டுமா நம்புனீங்க? நானுந்தான் நம்பிப் போய் நிம்மதியா தூங்குனேன்" என்றார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தகரத்தின் மறுமுனையைப் பிடித்து எங்களோடு மேலே ஏற்றினார். கழற்றிய தகரத்தைத் திரும்ப அடித்தால் ஆணி பழைய ஓட்டையில் நிற்காது. அந்த வருட மழை பழைய ஓட்டைகள் வழியாக உள்ளேயே பெய்தது.

அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு எங்களில் சிலரைக் கூட்டிப்போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார். அங்கே பேசக்கூடாது, கை தட்டக்கூடாது. கீழே பார்த்தால் எல்லாம் ஆள் உட்காராத காலிக் கதிரைகள். டிவியில் பேசுகிறவரின் முகம் மட்டும் தெரியும், கதிரைகள் தெரிவதில்லை. மாரியாயி என் காதில், "ஆளுக எல்லாம் சோத்துக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். காவலர் முறைத்தார்.

அன்று அவர் தமிழில், நாட்டுக் கடனில் ஆரம்பித்தார். "கடனை எல்லோரும் சமமாகச் சுமக்கிறோம் என்கிறீர்கள். சமமாகச் சுமக்கிறவனுக்கு நிற்பதற்குச் சமமாக ஒரு துண்டு நிலம் வேண்டாமா?" என்று கேட்டார். கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக் கடைகளுக்குள் வெள்ளம் ஏறுவதைப் பேசினார். அங்கே உனக்கு என்ன வோட்டு இருக்கிறது என்று அவர் கட்சிக்காரர்களே கேட்பதுண்டு. "மழைக்கு வாக்காளர் பெயர் இடாப்பு தெரியாது" என்பார். கடைசியில் எங்கள் லயத்துக்கு வந்தார். மந்திரி காதில் மொழிபெயர்ப்புக் கருவி இல்லை. பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். எம்.பி. அதைப் பார்த்துவிட்டுச் சிங்களத்துக்கு மாறினார். நீங்கள் சொன்னதை நம்பி என் மக்கள் கூரையைக் கழற்றிவிட்டார்கள் என்றார்.

மந்திரி நிமிர்ந்தார். சபையில் இருந்த சிலர் சிரித்தார்கள். யாரோ ஏதோ கத்தினார். மறுபடி சிரிப்பு. நாங்கள் மேலே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் சிரித்தது எங்களைப் பார்த்து அல்ல. நாங்கள் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

வெளியே வந்தபோது, ஏன் கடைசியில் மட்டும் சிங்களம் என்று கேட்டேன். "கடைசி வசனம் அவங்களுக்குண்ணே. அதுக்கு முன்னுக்குப் பேசுனதெல்லாம் நமக்கு" என்றார்.

செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. ஆகவே இதையும் எழுதுகிறேன். நடுவில் அவர் அரசாங்கத்தின் பக்கம் போனார். பிரதி மந்திரி ஆனார். கொடி கட்டிய வாகனத்தில் வந்தார். எங்கள் லயத்துக்கு மேல்வரை றோட்டில்லாததால் அந்த வாகனம் கீழேயே நின்றது. கேள்வியும் அப்படித்தான் கீழே எங்கோ நின்றுவிட்டது. நான் நேராகவே கேட்டேன். "கேள்வி கேக்குற பக்கத்துல இப்ப நான் இல்லண்ணே. பதில் சொல்ற பக்கத்துல உக்காந்திருக்கேன். பதில்தான் கையில இல்ல" என்றார். எனக்குக் கோபம். பதில் இல்லாத இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதவியை விட்டு அவர் திரும்பி எதிர்ப்பக்கம் போய் அதே கேள்வியைக் கேட்டபோது, மாரியாயி அவரை வாசலில் நிறுத்தி, "என்னா ராசா, வாய் தொறந்திருச்சா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்தார். வேறு எந்த எம்.பி. அப்படிக் குடித்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

சபையில் பேசுவதையெல்லாம் அச்சடித்து வெளியிடுவார்கள். எங்களைப் பற்றிய பக்கங்களை அவர் ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து கோயில் மண்டபத்தில் வைப்பார். அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் நான் மருமகளிடம் எழுத்துப் படித்தேன். எங்கள் தோட்டத்தின் பெயரை அச்சில் முதன்முதலாக நானே கூட்டி வாசித்த அன்று, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் வாசித்துக் காட்டினேன். பிறகு கூரை கழற்றிய பேச்சைத் தேடிப் பிடித்தேன். சிங்களத்தில் இருந்த கடைசிப் பகுதியை மருமகள் வாசித்துச் சொன்னாள், அவர் சொன்னது அப்படியே இருந்தது. அவர்கள் சிரித்த இடத்தில் அடைப்புக்குள் 'இடையீடு' என்று மட்டும் இருந்தது. இனி வரும் காலத்தில் வாசிக்கிறவர்கள் யாரோ குறுக்கே பேசியதாக நினைத்துக்கொள்வார்கள்.

சபையில் அவருக்காகக் கொண்டுவந்த அனுதாபப் பிரேரணையை டிவியில் பார்த்தேன். கதிரைகள் நிறைந்திருந்தன. ஒவ்வொருவராக எழுந்து மக்களின் குரல் என்றார்கள், மலையகத்தின் விளக்கு என்றார்கள். அன்று சிரித்துச் சத்தம் போட்டவர்களும் எழுந்தார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. அவர் கேட்டது என்ன என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கண்டியில் செத்த வீட்டில் பெரிய கூட்டம். அக்குறணைக் கடைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்று, "எங்கட கடைக்குள்ள தண்ணி வந்தா மத்தாக்கள் படம் புடிக்க வருவாங்க. இவர் வந்து வாளி தூக்கினவர்" என்று கண்ணைத் துடைத்தார். எம்.பி.யின் கட்சிப் பெரிய ஆள் ஒருவர் மாலையோடு வந்தார். அவரிடம் போய், எங்கள் காணிக் கேள்வியை இனி யாருங்க கேட்பாங்க என்றேன்.

"ஐயா, இது அரசியல் பேசுற நேரமா?" என்றார்.

பிணத்துக்குப் பக்கத்தில் சண்டை வேண்டாம் என்று விலகி நின்றேன். ஆனால் மலைக்கு அது எந்த நேரம் என்று தெரியாது. மேட்டு லயத்தில் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கசிகிற சுவரோரமாகத்தான் படுக்கிறார்கள். வானம் இருட்டினால் மாரியாயி வாசலில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்னிடம் இருந்த அவருடைய படத்தை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. மேட்டு லயத்துக் குடும்பங்களுக்குக் காணி எப்போது? எழுத்துக் கூட்டாமலே எழுத வருகிறது. வருகிற கிழமை இதையே மந்திரிக்கு எழுதுவேன். பதில் இல்லையென்றால் அதற்கடுத்த கிழமையும் எழுதுவேன்.