சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

தூத்துக்குடியில் ஒரு கம்பெனி வளாகத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறேன். டிராக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் இன்ஜினும் பிளேடும் நின்றுவிடும். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, நான் உட்கார்ந்திருக்கும்போதே வண்டி அணைந்து அணைந்து உயிரை வாங்கியது.

திரேஸ்புரத்தில் படகு இன்ஜின் பார்க்கும் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு வயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்தார். "இனி நிக்காதுலே" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுவாரம் பிளேடில் ஈரப்புல் அடைத்துக்கொண்டது. காதில் பஞ்சு வைத்திருந்தேன். இறங்கினால் நின்றுவிடும் என்ற பழைய பழக்கத்தில் குனிந்து கையை விட்டேன். அது நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணாச்சி, கட்டுப்போட்ட என் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கடல்ல இன்ஜின் நின்னா ஆளு கரைக்கு வர மாட்டான்லே. நிக்கவிடக் கூடாதுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்று அழுதார். திட்டுவதற்காக வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்த நான், கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

இப்போது புதுச் சுவிட்ச் மாட்டியிருக்கிறது. பள்ளத்தில் சீட் துள்ளினால் வண்டி அணைந்துவிடும். முன்பெல்லாம் கெட்ட வார்த்தை சொல்வேன். இப்போது பேசாமல் சாவியைத் திருப்புகிறேன், இடது கையால்.