லாரித் தண்ணீரில் போட்ட டீ

அன்றைக்கு பிளான்ட்டில் இருந்தவர்கள்: முதலாளி. ஆசிட் தொட்டி பார்க்கும் காதர் பாய். மணல் கழுவுகிற, எங்களுக்கு டீயும் போடுகிற பாண்டியம்மா அக்கா. லேப் பார்க்கும் ஷகிலா. சூளையில் நான்; என் பெயர் சோணை.

மேலூருக்கு வெளியே சின்ன பிளான்ட். ரூட்டைல் என்கிற தாது மணல் வரும். வெல்டிங் ராடு மேல் பூசுவதற்கு வாங்குவார்கள். வரும்போது இரும்பு கலந்திருக்கும். நான் கரித்தூள் போட்டுச் சூளையில் வறுப்பேன். காதர் பாய் ஆசிட்டில் ஊறவைத்து இரும்பைக் கரைத்து எடுப்பார். அக்கா கழுவுவார். வறுவல் சரியில்லை என்றால் ஆசிட்டில் இரும்பு கரையாது. அதனால் எது கெட்டாலும் முதலில் சூளைக்காரனைத்தான் பிடிப்பார்கள்.

அந்த வாரம் போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கினோம். அதே வாரம் வெல்டிங் ராடு கம்பெனிக்குப் போன சாம்பிள் தேறவில்லை. இரும்பு நூற்றுக்கு அரைக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு இருந்தது. இன்னொரு சாம்பிள் கேட்டார்கள். அதுவும் போனால் ஆர்டர் இல்லை.

மறுபடி வறுத்தேன். சூளையை விட்டு நகரவில்லை. தொட்டியிலிருந்து எடுத்தபோது மணல் சுத்தமாக இருந்தது. அக்கா கழுவிக் காயப்போட்டதும் செம்மண் பூசின மாதிரி ஆகிவிட்டது.

முதலாளி ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"என்னய்யா சோணை, வறுத்தியா, வெயில்ல காட்டி எடுத்தியா?"

"நல்லாத்தான் வறுத்தேண்ணே."

"நாளையிலருந்து மூடை தூக்கு. சூளைக்கு வேற ஆள் பாக்குறேன்."

எனக்காகக் காதர் பாய்தான் பேசினார். "மாப்ள மேல தப்பில்லண்ணே. என் தொட்டியில இருந்து எடுக்கையில நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து அக்கா டீ கொண்டு வந்தார். முதலாளி ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"ஏத்தா, டீயா இது? இம்புட்டு உப்புக் கரிக்குது!"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு நாளா ஆளாளுக்கு என் டீயக் குத்தம் சொல்றீக. தூளும் அதே, பாலும் அதே. லாரித் தண்ணிதான் புதுசு. போயி அந்தத் தண்ணியத் திட்டுங்க!"

ஷகிலா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, மணலையும் இந்தத் தண்ணியிலதான கழுவுனீங்க?"

"பெறகு? பன்னீர்லயா கழுவுவாக?"

ஷகிலா எழுந்து போய்த் தண்ணீரை டெஸ்ட் செய்துவிட்டு வந்தார். "சார், வறுவல் சரிதான். தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. கழுவையில ஆசிட்ட முறிச்சிருது. கரைஞ்ச இரும்பு துருவாகி மறுபடி மணல்லயே ஒட்டிக்கிருது."

காதர் பாய் மணலை மறுபடி லேசான ஆசிட்டில் போட்டு எடுத்தார். முதல் கழுவலுக்கு, தண்ணீரிலேயே கொஞ்சம் ஆசிட் விட்டோம். கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்றார் ஷகிலா. முதலாளியே வண்டியில் போய் மேலூரிலிருந்து கேனில் கொண்டுவந்தார். அதில் ஒரு கேனை மட்டும் அக்காவிடம் தள்ளினார்.

"இதுல டீ போடுத்தா. சோணைக்கு மொதல்ல குடு."

இப்போதும் தண்ணீர் மாறினால் முதலில் டீ போடுவோம். அக்கா குடித்துப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். ஷகிலாவின் டெஸ்ட் அதற்குப் பிறகுதான். புதிதாகச் சூளைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: சரக்கு கெட்டால், ஆளைப் பிடிக்கும் முன் கடைசியாக எது மாறியது என்று பாருங்கள்.

அன்றைக்குக் கழுவி அனுப்பிய இரண்டாவது சாம்பிளின் ரிசல்ட் முதலாளி போனுக்கு வந்தது. எல்லாரையும் கூப்பிட்டு வைத்து வாசித்தார்.

இரும்பு: 0.4.