கிளியாவும் சேதி சொல்லும்

என் மனைவி மயிலாளுக்கு வாய் ஜாஸ்தி என்று பொங்கலூரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அவளிடம் பேசியதில்லை.

பிளஸ் டூ முடித்து, 1982இல் பனியன் கம்பெனிக்கு வந்தாள். நான் பவர் டேபிள் டைலர், கரண்டு மெஷினில் பனியன் தைக்கிறவன். அவள் எனக்குக் கைமடி. தைக்கத் தோதாகத் துணியை மடித்து என் கைக்குக் கொடுக்கிற வேலை. ஆறு வருஷம் அதைச் செய்துவிட்டு, என்னையும் கட்டிக்கொண்டு, "நான் காலேஜ் போறேனுங்க" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தாள்.

1995இல் ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அந்த வேலையை நம்பித்தான் இரண்டு வருஷம் டுடோரியலில் தொண்டை வறளக் கத்தியிருந்தாள். "கைமடியா இருந்ததை மட்டும் அங்க சொல்லிப்போடாத புள்ள" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

கேள்வி கேட்க வந்த பேராசிரியர், மூளையில் கிளியா செல்களுக்கு என்ன வேலை என்றார்.

"நரம்புச் செல்லைத் தாங்கிப் பிடிக்கும், ஊட்டம் குடுக்கும். அதோட, தானே ரசாயனத்தை வெளிய விட்டுப் பக்கத்து நரம்புச் செல்லுக்குச் சேதியும் சொல்லுமுங்க."

"சேதி சொல்றது நரம்புச் செல் மட்டும்தாம்மா. பாடப்புத்தகம் படிக்கலையா?"

"படிச்சேனுங்க. அது பழசுங்க. போன வருஷம் ஆராய்ச்சி வந்திருக்குது. கண்ணாடித் தட்டுல வளர்த்த கிளியா செல்லுக்கு ஒரு மருந்தை விட்டாங்க. அது குளூட்டமேட்டுங்கற ரசாயனத்தை வெளிய விட்டுது. பக்கத்து நரம்புச் செல்லுக்குள்ள கால்சியம் ஏறுச்சு, சேதி போய்ச் சேந்துதுன்னு அர்த்தமுங்க. கோயமுத்தூர் லைப்ரரியில ஜெராக்ஸ் எடுத்தாந்திருக்கறேன், பாருங்க."

அவர் அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ!

கல்லூரித் தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. சமாதானம் பண்ணப் பார்த்தார். "அட, நம்ம கம்பெனிக் கைமடியாட்டம்னு சொல்லும்மா. டைலர் தைப்பான், கைமடி சும்மா கூட நிக்கும். பேராசிரியர் ஐயாவும் உன்னைய எடுத்துக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுருவாரு."



"கைமடி சும்மா நிக்குதுன்னு யாருங்க சொன்னது? நான் ஆறு வருஷம் கைமடிங்க. துணியில ஓட்டை உழுந்தா மொதல்ல பாக்கறது நாங்க. நாங்க இழுத்துப் புடிச்சா டைலர் மெஷினை நிறுத்தியாகோணும். கிளியாவைக் கைமடின்னே சொல்றனுங்க. சும்மா நிக்குதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

வேலை போச்சு. வெளியே வந்தவளிடம் கத்தினேன். "ரெண்டு நிமிஷம் வாயைப் பொத்தியிருந்தா குடி முழுகிப் போயிருமா?"

"பொத்தியிருந்தா, வருஷம் பூரா அந்தப் பொய்யையே புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணுமுங்க" என்றாள். பஸ் வரும்வரை அழுதாள்.

மூன்றாம் நாள் கம்பெனியில் என் புதுக் கைமடி துணியை இழுத்துப் பிடித்தாள். நிறுத்திப் பார்த்தேன், ஊசி முனை மழுங்கி, துணி பூராவும் ஓட்டை. மயிலாள் சொன்னதில் எது பொய்? எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த வருஷம் அதே வேலைக்கு மறுபடியும் ஆள் எடுத்தார்கள். போனாள். நானும் கூடப் போய் அதே ஜன்னலோரம் நின்றேன். அதே பேராசிரியர். அடையாளம் தெரிந்து சிரித்தபடி அதே கேள்வியைக் கேட்டார். "இந்தத் தடவையாச்சும் ஒழுங்காச் சொல்லும்மா."

மயிலாள் பேசவில்லை. அந்த வேலை எங்களுக்கு எவ்வளவு தேவை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? என்னால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சேதி சொல்லும்னு சொல்லு மயிலா! சத்தமாச் சொல்லு!" என்று கத்தினேன்.

உள்ளே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. போன வருஷத்துப் பதிலை, ஒரு சொல் மாற்றாமல், சொல்ல ஆரம்பித்தாள்.